மூன்று பந்து ஜக்ளிங்: பந்து விழும் விதமும் அதற்கான வைத்தியமும்

ஜக்ளிங் என்பது பந்துகளைக் கைமாற்றி விடாமல் எறிந்து பிடிக்கும் ஆட்டம். அதில் மூன்று பந்து கற்றுக்கொள்பவர்களுக்குப் பந்து விழும் விதங்கள் அதிகமில்லை. பள்ளிப் பிள்ளையானாலும் ஐம்பது வயதுக்காரரானாலும் அதே ஏழெட்டு இடங்களில்தான் தடுக்குகிறது. உங்கள் பந்து எப்படி விழுகிறது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத திருத்தம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று. பந்து விழுந்ததும் பிடிக்கத் தவறிய கையைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பத்தில் ஒன்பது முறை தவறு அந்தப் பந்தை எறிந்த கையில் இருக்கிறது. இடப்பக்கம் விழுந்தால் வலக்கையைப் பாருங்கள். வலப்பக்கம் விழுந்தால் இடக்கையைப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியான ஆட்டம் இப்படி இருக்கும். முழங்கைகள் விலாவை ஒட்டித் தளர்வாக இருக்கும், முன்கை தரைக்கு இணையாக இருக்கும், உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். பந்து தொப்புள் பக்கத்திலிருந்து கிளம்பி, நெற்றி உயரம் வரை போய், எதிர்க்கையின் வெளிப்பக்கத்தில் இறங்கும். ஒரு பந்து உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது அடுத்த பந்து கிளம்பும். இதைத்தான் காஸ்கேட் என்கிறார்கள். கீழே வரும் எல்லாமே இந்த ஆட்டத்துக்கான வைத்தியம்.

## ஆரம்பிக்கும் முன்

மின்விசிறியை அணையுங்கள். நெற்றி உயரத்துக்கு எறிய நினைத்த பந்து பதற்றத்தில் கூரை வரை போகும், விசிறி இறக்கையில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. ஜன்னலோ டியூப்லைட்டோ முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது, முதுகுப் பக்கம் இருக்கட்டும். கட்டிலுக்கு நேராக, தொடை அதில் உரசும்படி நில்லுங்கள். விழும் பந்து மெத்தையில் கிடக்கும். அரை மணி நேரப் பயிற்சியில் நூறு தடவை குனிவது மிச்சமாகும். பலருக்கு வரும் முதுகுவலி ஆட்டத்தால் வருவதே இல்லை, இப்படிக் குனிந்து பொறுக்குவதால் வருவதுதான்.

உடம்பைச் சூடேற்ற ஐந்து நிமிடம் போதும். தோள்களைப் பின்பக்கமாக 10 சுற்று, முன்பக்கமாக 10 சுற்று. மணிக்கட்டை இரண்டு பக்கமும் பத்துப் பத்து. விரல்களை நன்றாக விரித்து மூடுவது 20 தடவை. கழுத்தை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள், சொடக்கு எடுக்க வேண்டாம். பிறகு ஒரே ஒரு பந்தைக் கைமாற்றி 20 வீச்சு, இரண்டு பந்தோடு 20 வீச்சு. அதன் பிறகுதான் மூன்றாவது பந்தைத் தொட வேண்டும். ஒரு பந்து வீச்சைச் சின்னப்பிள்ளை வேலை என்று தாண்டிப் போகாதீர்கள். அன்றைக்கு எந்தக் கை சரியில்லை என்பது அந்த இருபது வீச்சிலேயே தெரிந்துவிடும்.

## பந்து கைக்கு வந்தும் துள்ளி ஓடுகிறது

முதல் காரணம் விறைப்பான கை. வரும் பந்தை எதிர்கொண்டு மேலே போய்ப் பிடித்தால் அது மோதித் துள்ளும். பந்து தொட்ட கணமே கையும் கூடச் சேர்ந்து நாலு விரல் அகலம் கீழே இறங்க வேண்டும். ஒரு பந்தை வைத்துச் சத்தமில்லாமல் பிடித்துப் பழகுங்கள். உள்ளங்கையில் 'பட்' என்று கேட்டால் கை இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

கை இறங்கியும் துள்ளுகிறதா? அப்படியானால் பந்துதான் காரணம். டென்னிஸ் பந்தில் தொடங்குபவர்கள்தான் அதிகம், அதில் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதன் எடை 60 கிராமுக்கும் குறைவு. கையில் உட்கார எடை போதாது, துள்ளல் மட்டும் அதிகம். விழுந்தால் சோபா அடிக்கு உருண்டு போகும், பயிற்சியில் பாதி நேரம் தேடுவதிலேயே கழியும். பிளாஸ்டிக் பந்து இன்னும் மோசம். எலுமிச்சை சிறியது. ஆரஞ்சு நாலு தடவை விழுந்தால் நசுங்கிவிடும்.

வீட்டிலேயே நல்ல பந்து செய்யலாம். ஒரு பந்துக்கு 100 முதல் 110 கிராம் கேழ்வரகு. கழுவாமல் ஒரு நாள் வெயிலில் காய வைத்தால் வண்டு வராது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை மடித்து ஒட்டுங்கள். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மீதியை விரித்து அந்த உருண்டைக்குச் சட்டை போடுவதுபோல் போர்த்துங்கள். வாய் மூடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு பலூன், அதற்கு மேல் மூன்றாவது ஒன்று. ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் விட்டத்தில், கையில் அடங்கும் பந்து கிடைக்கும். மூன்றையும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று மட்டும் எப்போதும் தப்பான உயரத்துக்குப் போகும்.

டென்னிஸ் பந்துதான் கையில் இருக்கிறது என்றால், இரண்டு சென்டிமீட்டர் கீறி, 40 முதல் 50 கிராம் அரிசி போட்டு, கீறலை டேப்பால் ஒட்டுங்கள். துள்ளல் போய்விடும். இவற்றையெல்லாம் பழகிப் பார்த்து, ஆட்டம் பிடித்துப்போன பிறகு கடையில் பீன் பேக் வகைப் பந்து வாங்கலாம். வாங்கும்போது 110 – 130 கிராம் எடை கேளுங்கள். குழந்தைகளுக்கு 70 – 90 போதும்.

## மூன்றாவது பந்து கையை விட்டுக் கிளம்ப மறுக்கிறது

இரண்டு போகிறது, இரண்டும் வந்து சேர்கிறது, மூன்றாவது கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடிப்பதில் மனம் முழுக்கப் போய்விடுவதால் எறிய மறந்துவிடுகிறது. கட்டைவிரல் தன்னையறியாமல் பந்தை இறுக்கிக்கொள்கிறது.

முதலில் பந்தைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டு பந்து இருக்கும் கையில், பின்பந்தைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு அணைத்திருக்க வேண்டும். முன்பந்து கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றின் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பந்து போனதும் அந்த இரண்டு விரலும் தளர, பின்பந்து தானாக உருண்டு முன்னால் வரும். இரண்டையும் ஐந்து விரலாலும் சேர்த்து அள்ளிப் பிடித்திருந்தால் பின்பந்து மாட்டிக்கொள்ளும்.

பிடி சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? பிடிப்பதையே விட்டுவிடுங்கள். கட்டில் முன் நின்று, வலம், இடம், வலம் என்று மூன்றையும் எறியுங்கள், ஒன்றையும் பிடிக்காதீர்கள். மெத்தையைப் பாருங்கள்: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று கிடக்க வேண்டும். காதால் கேளுங்கள்: தப், தப், தப் என்று ஒரே இடைவெளியில் விழ வேண்டும். 'தப்தப், தப்' என்று கேட்டால் இரண்டாவது பந்து அவசரப்பட்டுக் கிளம்பியிருக்கிறது. ஒரே சீராகப் பத்து முறை விழுந்த பிறகு முதல் பந்தை மட்டும் பிடியுங்கள், பிறகு முதல் இரண்டை, பிறகு மூன்றையும். பெரும்பாலானவர்களுக்கு ஒரே நாளில் இது தீர்ந்துவிடும்.

## ஒரு கை எறிகிறது, மறு கை நீட்டிக் கொடுக்கிறது

சிறுவயதில் கல்லையோ எலுமிச்சையையோ வட்டமாகச் சுற்றிப்போட்டு விளையாடியவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆழமாக ஒட்டியிருக்கும். அது தனி ஆட்டம். ஷவர் என்று பெயர், காஸ்கேட்டைவிடக் கடினமானது. இரண்டையும் கலந்தால் எதுவும் வராது.

இரண்டு பந்து எடுத்துக்கொண்டு பழகாத கையிலிருந்து தொடங்குங்கள். முதல் பந்து உச்சிக்குப் போனதும் இரண்டாவதை அதன் அடியில் மேலே எறியுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'போடு, போடு, பிடி, பிடி.' 'போடு, பிடி, போடு, பிடி' என்று வாயில் வந்தால் கை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பந்தும் நெற்றியைத் தொடும் உயரத்துக்குப் போகும்வரை மூன்றாவதை எடுக்காதீர்கள்.

## ஆடிக்கொண்டே முன்னால் நடந்துவிடுகிறீர்கள்

நாலைந்து வீச்சுக்குள் இரண்டு மூன்று அடி நகர்ந்து, கடைசியில் பாய்ந்து பிடிக்கப் போய் விழுகிறது. எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் பரவலானது. அதிக நாள் அலைக்கழிப்பதும் இதுதான். பந்து முன்னால் போகிறது, நீங்கள் அதைத் துரத்துகிறீர்கள், துரத்திக்கொண்டே எறியும் அடுத்த பந்து இன்னும் முன்னால் போகிறது.

சோதனை இது. ஒரே பந்தைக் கைமாற்றி எறிந்து, பிடிக்காமல் தரையில் விழ விடுங்கள். கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தால் சரி. ஒரு முழம் தாண்டினால் கோளாறு.

*ஒரு பந்திலேயே முன்னால் போகிறது என்றால்* கையை விடும் இடம் தவறு. முன்கை தரைக்கு இணையாக இருக்கும்போது விட்டால் பந்து நேரே மேலே போகும். கை அதற்குக் கீழே தாழ்ந்திருக்கும்போதே விட்டால் பந்து முன்னால் பாயும். மணிக்கட்டைக் கீழே மடக்கிச் சுண்டி எறிவதும் அதே வேலையைத்தான் செய்யும். பந்து விரல் நுனியில் இருக்கக் கூடாது, உள்ளங்கைக்கு அருகில் இருக்கட்டும். தட்டில் வைத்த பந்தைத் தட்டோடு மேலே தூக்குவதுபோல், முழங்கையிலிருந்து தூக்குங்கள். மணிக்கட்டு அசையாமல் இருப்பது தெரிய, அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தில் மரக்குச்சி ஒன்றைச் செருகிச் சிலர் பழகுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் அது தேவையில்லை.

*ஒரு பந்து நேராகப் போகிறது, மூன்றில் மட்டும் ஓடுகிறது என்றால்* அது பயம். நடுவில் மோதிவிடுமோ என்று கை தன்னிச்சையாகப் பந்தை வெளியே தள்ளுகிறது. சுவரைப் பார்த்து, நீட்டிய விரல் நுனிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். தப்பான வீச்சு உடனே சுவரில் பட்டு விழும், உங்களால் நகரவும் முடியாது. அங்கே ஐந்து நிமிடம், பிறகு திரும்பி நின்று சுவர் இல்லாமல் இரண்டு நிமிடம். சுவரையே நம்பி நாள் கணக்கில் நிற்பவர்கள் சுவரை விட்டதும் மறுபடி நடக்கிறார்கள், ஆகவே மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அப்படியும் தீரவில்லையா? வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். ஒவ்வொரு பந்தையும் உங்கள் மூக்கை நோக்கி எறிவதாக நினைத்து எறியுங்கள். தோளில் வந்து விழட்டும், பரவாயில்லை. பத்துப் பந்து தோளில் விழுந்த பிறகு கை நடுவிடத்தைத் தானே கண்டுபிடிக்கும். கடைசியாக, கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து பக்கவாட்டிலிருந்து 30 விநாடி படம் பிடித்துப் பாருங்கள். முன்னால் பார்த்து எடுத்த வீடியோவில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

## பந்துகள் நடுவானில் மோதுகின்றன

பிடித்த இடத்திலிருந்தே எறிகிறீர்கள். பந்து போகும் வழியும் வரும் வழியும் ஒன்றானால் மோதாமல் என்ன செய்யும்? வெளிப்பக்கம் பிடித்து, கிண்ணத்தின் அடிப்பகுதியைத் தடவுவதுபோல் கையைத் தாழ்த்தி உள்ளே கொண்டுவந்து, அங்கிருந்து எறிய வேண்டும். இந்தப் பயணம் ஒரு சாண் அகலம் இருந்தால் போதும். பந்தில்லாமல் இரண்டு கையையும் இப்படிச் சுழற்றிப் பாருங்கள். வலக்கை கடிகாரம் சுற்றும் திசையிலும், இடக்கை அதற்கு எதிராகவும் சுழல்வது உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். மாறிச் சுழன்றால் அது வேறு ஆட்டம், அதைப் பிறகு பார்க்கலாம்.

சுழற்சி சரியாக இருந்தும் மோதினால் உயரம் ஏறி இறங்குகிறது. துணி காயப்போடும் கொடி நெற்றி உயரத்தில் இருந்தால் அதன் முன் நின்று, ஒவ்வொரு பந்தின் உச்சியும் கயிற்றைத் தொடுகிறதா என்று பாருங்கள். கொடி இல்லையென்றால் சுவரில் சாக்பீஸ் கோடு போதும்.

## போகப் போக வேகம் கூடிக் கலைந்துவிடுகிறது

உயரம் குறைகிறது என்பதைத் தவிர வேறு காரணம் அநேகமாக இல்லை. கையிலிருந்து 60 செ.மீ. மேலே போகும் பந்து திரும்பிவர 0.7 விநாடி எடுக்கும். 30 செ.மீ. மட்டும் போனால் அரை விநாடிதான். கைக்குக் கிடைக்கும் நேரம் குறையக் குறைய அடுத்த வீச்சும் தாழ்ந்துபோகிறது.

யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். 20 வீச்சுக்கு ஏழெட்டு விநாடி ஆக வேண்டும். ஐந்திலேயே முடிந்தால் தாழ்வாக எறிகிறீர்கள். திருத்தம்: வேகம் கூடுவதாக உணர்ந்ததும் ஒரே ஒரு பந்தைத் தலைக்கு மேல் எறியுங்கள், அந்த ஒரு வீச்சு மூச்சு விட நேரம் தரும். மூச்சை அடக்கிக்கொண்டு ஆடுபவர்களுக்கும் வேகம் ஏறும். எண்ணிக்கையை உரக்கச் சொன்னால் மூச்சை அடக்க முடியாது.

இன்னொரு காரணம், முந்தைய பந்து உச்சியைத் தொடும் முன்பே அடுத்ததை எறிவது. அதற்கு மேலே சொன்ன மெத்தைப் பயிற்சியும் அதன் 'தப், தப், தப்' ஓசையும்தான் மருந்து.

## எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது

எதிர்க்கைக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள். அந்தக் கையில் மட்டும் ஒரு பந்து வைத்து, 50 தடவை அதே கையால் எறிந்து அதே கையால் பிடியுங்கள். பிறகு ஆட்டத்தை எப்போதும் அந்தக் கையிலிருந்தே தொடங்குங்கள். ஒரு வாரம் போதும். நல்ல கையைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

## பந்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது

கையைப் பார்க்கிறீர்களா? பார்க்க வேண்டாம். பார்வை உச்சியில் நிற்கட்டும், கை ஓரப்பார்வையில் தெரிந்தால் போதும். பின்சுவரின் நிறமும் பந்தின் நிறமும் ஒன்றாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு குறிப்பு. படிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடியாக வைத்திருந்தால், தாழ்ந்து வரும் பந்து படிக்கும் பகுதிக்குள் நுழைந்ததும் மங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மென்மையான பந்தோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். தேறினால் தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி கேட்டு வாங்குங்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் பந்து பட்ட பிறகு ஒளி மின்னுவது, கரும்புள்ளிகள் மிதப்பது, பார்வையில் திரை இறங்குவது எதுவானாலும் அன்றே போக வேண்டும்.

## இரண்டு வாரமாக எண்ணிக்கை ஏறவில்லை

விழும்வரை ஆடுவதை நிறுத்துங்கள். ஆறு வீச்சு, பிறகு மூன்றையும் கையில் பிடித்து நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் ஒன்பது, பிறகு பன்னிரண்டு. ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஆடுவதைவிட, காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்தால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு பயிற்சியாளரிடம் நேரில் ஒரு மணி நேரம் போங்கள். உங்களுக்குத் தெரியாத பிழை அவர் கண்ணில் பத்து வீச்சுக்குள் பட்டுவிடும்.

## வலிக்கிறது

மேல்தோளும் கழுத்தும் வலித்தால், தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு ஆடுகிறீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தோளை இறக்கி, மறுபடி தொடங்குங்கள். இடுப்பு வலித்தால் முழங்காலை மடக்கிப் பந்தை எடுங்கள், அல்லது கட்டிலுக்கே திரும்புங்கள். முன்கை மறுநாள் லேசாகக் கனப்பது பயிற்சி வலி, இரண்டு மூன்று நாளில் போகும்.

கட்டைவிரலின் அடியில் வலித்தால் இந்தச் சோதனை: கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். சுரீர் என்று வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போவது, இரவில் அதனால் விழிப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தோள் பிடிப்பது, மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, ஓய்வெடுத்தும் இரண்டு வாரம் தாண்டும் வலி ஆகியவற்றுக்கும் அதேதான். வலிமருந்தைத் தடவிக்கொண்டு ஆடாதீர்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அதைப் பயிற்சி வலி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் அனுமதித்துத் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் மூன்று நாள் ஒரே பந்து, அடுத்த மூன்று நாள் இரண்டு பந்து, தலா ஐந்து நிமிடம். ஏழாம் நாள் மூன்றாவது பந்தை எடுங்கள். எடுத்த அன்று இரவு வலி திரும்பினால் மறுபடி ஒரு பந்துக்கே இறங்குங்கள்.